மூடுபனிக்கு மேலே ஒரு பொங்கல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் வந்து சேர்ந்தது வானிலைப் படிப்பில். "மழை வருமான்னு சொல்றதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமாடா?" என்று அப்பா இன்னும் போனில் கேட்கிறார். கார்ல்ஸ்ரூஹேயில் என் மாடியறைக்குக் கீழே குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பதி, அண்ணையும் அக்காவும், அப்படியில்லை. அவர்களுக்கு நான் வீட்டோடு கிடைத்த வானிலை நிலையம். துணி காயப்போடுவதிலிருந்து காருக்குக் குளிர்கால டயர் மாட்டுவது வரை என்னைக் கேட்டுத்தான்.

இந்த ஜனவரியில் அக்கா கேட்டது கொஞ்சம் பெரிய கேள்வி.

"தம்பி, பொங்கலண்டைக்கு வெயில் எறிக்குமோ?"

இங்கே வந்த நாளிலிருந்து அக்கா பொங்கியதெல்லாம் சமையலறை மின்சார அடுப்பில், ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. இந்த முறை முற்றத்தில், சூரியனைப் பார்த்துப் பொங்க ஆசை. அதற்கு அவர் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் காலை வேலையை மத்தியானத்துக்கு மாற்ற வேண்டும்.

வானிலை வரைபடத்தைப் பார்த்தேன். ஐரோப்பாவின் நடுவில் உயர் அழுத்தம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. உயர் அழுத்தம் என்றால் தெளிந்த வானம். ஊரில் மனப்பாடம் செய்த பாடம். "கன்ஃபார்மா அடிக்கும்க்கா" என்றேன். அக்கா வேலையை மாற்றிவிட்டார்.

பொங்கலன்று காலை இறங்கி வந்தால் எதிர்வீடே தெரியவில்லை. அப்படியொரு மூடுபனி. முந்தின வாரம் பெய்த பனி முற்றத்தில் அழுக்காக இறுகிக் கிடந்தது. சேலைக்கு மேல் தடித்த கோட்டும் கையில் பானையுமாக அக்கா. கேஸ் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு அண்ணை. குளிரில் சுடர் எழும்பவே மாட்டேன் என்றது.

"எங்கை தம்பி சூரியன்? யூனிவர்சிற்றிக்குள்ளை வச்சுப் பூட்டிப்போட்டீரோ?" என்றார் அண்ணை. "உம்மை நம்பி வேட்டியும் கட்டிப்போட்டன். குளிர் காலாலை ஏறுது."

"சும்மா இருங்கோப்பா, பிள்ளை என்ன செய்யும்" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "மத்தியானம் நான் வேலையிலை நிக்க வேணும். உள்ளுக்கையே பொங்குவம்."

பழையபடி அந்தச் சுவர்தானா? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரைன் பள்ளத்தாக்கு ஒரு சட்டி மாதிரி. குளிர்ந்த காற்று கனம்; அடியில் போய்த் தேங்கி மூடுபனியாகும். குளிர்காலத்து உயர் அழுத்தம் அதன்மேல் மூடி போட்டுவிடும். அப்படியானால் மூடிக்கு மேலே?

மலையில் பனிச்சறுக்கு நடக்கும் இடத்தின் நேரலைக் கேமராவைப் போனில் திறந்தேன். வெள்ளைப் பனியில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, சூரியன் இருக்கு! ஷ்வார்ஸ்வால்ட் மலைக்கு மேல. கார்ல ஒரு மணி நேரம்."

"அங்கை இன்னும் குளிரெல்லோ?"

"இன்னைக்கு உல்டா. மேலதான் சூடு."

"இதையும் நம்பிறதோ?" என்று அண்ணை என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். "சரி, தம்பியை நம்பேலாது. கமராவை நம்பலாம்." கார்ச் சாவியை எடுக்கப் போனார்.

வழியெல்லாம் பஞ்சுக்குள் ஓட்டியதுபோல் இருந்தது. அக்கா பானையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் வந்தன, பனி சுமந்த ஊசியிலை மரங்கள் வந்தன, சூரியன் மட்டும் வரவில்லை. அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் வெளியே பார்த்தேன். அடுத்த வளைவில் திடீரென்று எல்லாம் நீலம். அண்ணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்.

"ஐயோ, வந்திட்டுது!" என்றார் அக்கா.

மலை உச்சியில் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, இறைச்சி சுடுவதற்கென்று ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட கல் மேடை ஒன்று இருந்தது. அதிலிருந்த பனியை வழித்துவிட்டு அடுப்பை வைத்தோம். சுடர் இப்போது திமிறிக்கொண்டு எரிந்தது. அண்ணை கோட்டைக் கழற்றினார். பனிச்சறுக்குக் கட்டைகளோடு வந்த ஒரு ஜெர்மன் தம்பதி நின்று, என்ன சமையல் என்று கேட்டார்கள். "சூரியனுக்குச் சாப்பாடு" என்று அண்ணை ஜெர்மனில் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டு, அதையும் பார்த்துவிடுவோம் என்று நின்றுவிட்டார்கள்.

பால் நுரைத்து எழுந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று அக்கா கத்த, அந்தத் தம்பதியும் எப்படியோ கத்தினார்கள். வழிந்த பால் பனியில் சின்னக் குழி தோண்டி இறங்கியது.

படைத்து, கும்பிட்டு, எல்லோருக்கும் சுடச்சுடப் பொங்கல், அக்கா பாஷையில் புக்கை, கொடுத்தாயிற்று.

"வாருமப்பா, வேலைக்கு நேரம் போகுது" என்றார் அண்ணை.

"ரெண்டு நிமிசம் பொறுங்கோ" என்றார் அக்கா. கண்ணை மூடி, முகத்தை முழுசாக வெயிலுக்குக் கொடுத்து நின்றார்.