செல்விக்கு நான் சொன்ன பதில்

ஒரகடத்தில் மின்சார ஆட்டோ தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் பேட்டரிப் பிரிவுப் பொறியாளராக இருந்தேன். படிப்பு முடித்த நாளிலிருந்து அந்த ஒரு வண்டிக்காகத்தான் உழைத்தேன். கல்யாணப் பேச்சைக்கூட, "வண்டி ரோட்டுக்கு வரட்டும்மா" என்று அம்மாவிடம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சோதனைக்காகச் சில வண்டிகளை ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களிடம் கொடுத்துப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டோம்.

போன மாதம் ஒரு காலையில் எங்களைக் கூப்பிட்டு, முதலீட்டாளர்கள் விலகிவிட்டார்கள், கம்பெனியை மூடுகிறோம் என்றார்கள். வெளியே வந்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற டீசல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் செல்வி. சோதனை வண்டியை ஓட்டியவர்களில் ஒருவர். வேறு சவாரி இல்லை.

"மேடம், நம்ம கரண்ட் வண்டி எப்போ வரும்? அத்த ஓட்டசொல்லோ எனக்கு இருமலே இல்ல. இந்தப் பொகையில திரும்பப் புட்ச்சிக்கிச்சு. சார்ஜ் போட வூட்டாண்ட பிளக்கு கூட வெச்சிக்கினேன்" என்று சிரித்தார்.

ஏதாவது பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"வராதுக்கா. மூடிட்டாங்க. எனக்கும் வேலை போச்சு."

செல்வி வண்டியை ஓரங்கட்டினார். "நீ இன்னா பண்ணுவ, பாவம். அழாத" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு வண்டியை எடுத்து, ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.

வண்டி எப்போது தயாராகும் என்று மீட்டிங்குகளில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு தேதி சொல்லியிருக்கிறேன். நிஜமாகவே அதற்காகக் காத்திருந்த ஒருவருக்குச் சொல்ல என்னிடம் தேதி இல்லை. வேறு வேலைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மனம் வரவில்லை.