குணம் அண்ணை விமானத்துக்கு வரி கட்டிய கதை

போன கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் நகத்துக்கு நிறம் பூசும் கடையொன்றில் அக்காவின் மகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பட்டமளிப்பு விழா. மேடையில் பட்டம் வாங்கும்போது நகம் வடிவாகத் தெரியவேண்டுமாம். நான் படித்த காலத்தில் இருந்த நகத்தையெல்லாம் பரீட்சை மண்டபத்திலேயே கடித்துத் துப்பிவிட்டு வருவேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. கடைக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய மணம் என்னை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. பெயின்ற்றும் கனிந்த வாழைப்பழமும் கலந்தது போன்ற ஒரு மணம்.

"சித்தி, ஆர் யூ ஓகே? முகம் ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்டுமில்லையடி. ஒரு பிளேன் ஞாபகம் வந்திட்டுது."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டாள். என் வயதுக்காரர் இப்படி ஏதாவது சொன்னால் இளசுகள் மேற்கொண்டு கேட்பதில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

சின்ன விமானங்களின் இறக்கையைத் துணியால் போர்த்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி, அது விறைத்து நிற்கும்வரை ஒரு திரவத்தைத் திரும்பத் திரும்பப் பூசவேண்டும். அதன் மணமும் நகப்பூச்சின் மணமும் ஒன்றுதான். நகரின் கிழக்கு ஓரம் ரூஜ்ஜில் குணம் அண்ணையின் கராஜுக்குள் போனால் அந்த மணத்தில் தலை சுற்றும்.

குணம் அண்ணைக்கு பஸ் திருத்தும் இடத்தில் வேலை. அவர் மனைவி ராணி அக்கா எனக்கு சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் காலத்துச் சிநேகிதி. ஒரே மாடியில் இருந்தோம். லிஃப்ற் வேலை செய்யாத நாட்களில் இருவரும் அரிசி மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறி வளர்த்த சிநேகிதம் அது. குணம் அண்ணைக்கு விமானம் என்றால் பைத்தியம். ஓகஸ்ட் முடிவில் ஏரிக்கு மேலே விமானங்கள் குட்டிக்கரணம் அடிக்கும் நாட்களில், மடக்குக் கதிரையோடு முதல் ஆளாகக் கரையில் போய் உட்கார்ந்துவிடுவார். ரூஜ்ஜில் வீடு வாங்கியதும் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு கராஜ் கிடைத்தது. வடக்கே ஒரு வெள்ளைக்கார அம்மா, இறந்துபோன கணவர் பாதியில் விட்ட விமானத்தைப் பெட்டிகளில் வைத்துக்கொண்டு, விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். குணம் அண்ணை ட்ரக்கோடு போய்விட்டார்.

"எல்லாரும் கராஜுக்குள்ளை காரை விடுவினம். எங்கடை கார் வெளியிலை சினோவுக்குள்ளை நிண்டு நடுங்குது. உவர் உதுக்கு ஹீற்றர் போட்டு வைச்சிருக்கிறார்," என்று ராணி அக்கா வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். முறைப்பாட்டுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இதெல்லாம் ஊரில் சண்டை முடிந்த ஆண்டில் நடந்தது. அந்த மாதங்களை ரொறன்ரோவில் கடந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு வானொலி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கடையில் மீன் வெட்டுகிறவர்கூட கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செய்தி கேட்பார். குணம் அண்ணையின் ஒரே தங்கை வசந்தி, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் இருந்தார். மாசி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. குணம் அண்ணை வேலையால் வந்ததும் கராஜுக்குள் போய் இறக்கைக்குப் பூசத் தொடங்கிவிடுவார். போதும் என்ற பிறகும் பூசிக்கொண்டே இருப்பார் என்று ராணி அக்கா சொன்னார்.

அப்படிப்பட்ட காலத்தில் விமானத்துக்கு இயந்திரம் வந்து சேர்ந்தது. நம்மவர்கள் புதுக் கார் எடுத்தால் என்ன செய்வார்கள்? ஐயரைக் கூப்பிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் நசிப்பார்கள். குணம் அண்ணையும் அதைத்தான் செய்தார். விமானத்துக்கு இன்னும் சில்லுப் பூட்டவில்லை என்பதால் எலுமிச்சம்பழங்களை முன்காற்றாடிக்குக் கீழே வரிசையாக அடுக்கினார்கள். வசந்தியின் பெயரிலும் ஒரு அர்ச்சனை நடந்தது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் விமானத்தோடு நின்று படம் எடுத்தோம். நான் இறக்கையில் கை வைத்தபடி, நானே கட்டி முடித்ததுபோல நின்றேன். எங்களில் ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை.

ஊரில் சண்டை பிடித்த இயக்கத்திடம் சின்ன விமானங்கள் இருந்ததை உலகம் முழுக்க அறிந்திருந்த நேரம் அது. ரொறன்ரோவில் ஒரு தமிழன் கராஜுக்குள் இரண்டு பேர் இருக்கக்கூடிய விமானம் கட்டுகிறான், அதற்குப் பூசையும் நடந்திருக்கிறது என்றால் கதை எப்படிப் போகும்? அடுத்த கிழமை கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கிறேன், முன்னால் நின்றவர் பக்கத்தில் நின்றவரிடம் சொல்கிறார்: "ரூஜ்ஜிலை ஒருத்தர் பிளேன் கட்டி அனுப்பப் போறாராம். எல்லாம் ரெடியாம்." எனக்குப் பசி போய்விட்டது.

இரண்டொரு நாளில் கோட் போட்ட இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் குணம் அண்ணையின் கதவைத் தட்டினார்கள். சப்பாத்தைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்களாம். அவ்வளவு மரியாதை. விமானத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். காய்ந்துபோன எலுமிச்சம்பழங்களை ஏன் என்று கேட்டார்கள். யாரிடம் வாங்கினீர்கள், பத்திரம் இருக்கிறதா, எதற்கு என்று கேட்டார்கள். பத்திரம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவும் இவரும் கைகுலுக்கி முடித்த வியாபாரம். திரும்பவும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் குணம் அண்ணை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஸ்காபரோவில் ஒரு சீலைக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில், மற்றவர்களின் வருமான வரிக் கணக்கை முடித்துக் கொடுக்கும் சின்ன இடம் அது. நான் அங்கே வேலை. வரிச் சட்டமெல்லாம் கரைத்துக் குடித்தவள் என்ற எண்ணம் எனக்கு அப்போது உண்டு. என் சட்டைக் கையில் எந்நேரமும் மட்டன் ரோல் மணக்கும்.

"வசந்தி உயிரோடை வெளியிலை வந்தாளெண்டால் அவளை இங்கை கூப்பிட என்னை விட்டால் ஆளில்லை," என்றார் குணம் அண்ணை. "என்ரை பேரிலை ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் அவளின்ரை ஃபைல் ஆயுசுக்கும் அசையாது."

எங்கள் முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கழட்டிப் போட்டு எறியுங்கோ. பிளேனும் இல்லை, பிரச்சினையும் இல்லை."

"அவங்கள் பாத்திட்டாங்கள். இனி எறிஞ்சால் ஒளிச்சதெண்டுதான் எழுதுவாங்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கார் வாங்கினால் ரக்ஸ் கட்டுறம். பிளேனுக்கு?"

பார்த்துச் சொன்னேன். தனியாளிடம் வாங்கினாலும் மாகாண விற்பனை வரி உண்டு. விற்றவர் வாங்காவிட்டால், வாங்கியவர் தானாகவே போய்க் கட்டவேண்டும்.

"விசரே?" என்றார் முதலாளி. "ஆரும் கேக்காத ரக்ஸை ஆராவது போய்க் கட்டுவானோ? உங்களட்டைப் பிளேன் இருக்கெண்டு நீங்களே கவுண்டரிலை போய்ச் சொல்லுறதோ?"

"ஓம், சொல்லத்தான் போறன். சண்டைக்குப் பிளேன் கட்டுறவன் எவனாவது சேல்ஸ் ரக்ஸ் கட்டுவானோ, சொல்லுங்கோ?" என்றார் குணம் அண்ணை.

எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியென்றே பட்டது, அதனால் பயம் இரண்டு மடங்கானது. இங்கிலிஷ் தடக்கினால் உதவிக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பயத்தில் எனக்குத் தமிழே தடக்கிய நாள் அது.

வைகாசி மாதத்து வெயில். நகரத்துக்குள் கார் நகரவில்லை. வீதியோரமெல்லாம் எங்கள் ஆட்கள், கையில் படங்களும் பதாகைகளும். கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளியபடி ஒரு பெண் அழுதுகொண்டே போனாள். குணம் அண்ணை கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வன்னிச் செய்தி ஏதாவது கொண்டுவந்த முகம் அதற்குள் இருக்கும் என்று நினைத்தாரோ தெரியாது.

வரிக் கந்தோரின் கவுண்டரில் இருந்த பெண் என்ன வாகனம் என்று கேட்டார். விமானம் என்றார் குணம் அண்ணை. அந்தப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எந்தக் கம்பனி? கம்பனி இல்லை, வீட்டில் கட்டியது. யார் கட்டியது? பாதி ஒருவர், மீதி நான். விலைக்கு என்ன ஆதாரம்? விற்ற அம்மாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். அங்கேயே அழைத்துப் பேசினார்கள். அந்த அம்மா விலையைச் சொல்லிவிட்டு, தன் கணவர் இறக்கை ஒட்டிய கதையையும் சொல்லியிருக்கவேண்டும், கவுண்டர்ப் பெண் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் குணம் அண்ணையின் சாரதி அனுமதி அட்டையை வாங்கினார். எங்கள் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். சிரிப்பு நின்றது. அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் நின்றோம். சுவரில் சத்தம் இல்லாத தொலைக்காட்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் எங்கள் கடற்கரை, புகை, மணலில் தலைகளில் மூட்டையோடு ஆட்கள். குணம் அண்ணை கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, அந்தப் பச்சைச் சட்டை..." என்றார். அதற்குள் படம் மாறிக் காலநிலை வந்துவிட்டது.

உள்ளேயிருந்து வயதான அதிகாரி ஒருவர் அட்டையோடு வந்தார். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். ஏரிக்கு மேலாக ஒரு தரம் சுற்றிவிட்டு இறங்கி வீட்டுக்குப் போவேன் என்றார் குணம் அண்ணை.

"இரண்டு இருக்கையா?"

"ஓம்." இங்கிலிஷ் கேள்விக்குத் தமிழிலேயே சொல்லிவிட்டார்.

"மற்றது யாருக்கு?"

மனைவிக்கு என்று சொல்லுங்கோ, மனைவிக்கு என்று சொல்லுங்கோ என்று நான் மனதுக்குள் கதறினேன். "என் தங்கைக்கு" என்றார். தங்கை எங்கே என்று கேட்டார் அதிகாரி. குணம் அண்ணை தொலைக்காட்சியைக் கையால் காட்டினார். அதில் யாரோ பனிக்கட்டி மேல் ஹொக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு வீதியில் நின்றவர்களை அவரும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்கு வந்திருப்பார். முத்திரையை எடுத்து, வரி கட்டிய றிசீற்றில் தானே குத்தினார். 'வீட்டில் கட்டிய விமானம், சொந்தப் பாவனைக்கு' என்று அதில் இங்கிலிஷில் இருந்தது. குணம் அண்ணை அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வரி கட்டிவிட்டு அழுத மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்த மாதத்திலேயே எல்லாம் முடிந்துபோனது. கோட்டுக்காரர் இன்னொரு தரம் வந்தார்கள். றிசீற்றைப் பார்த்தார்கள். ஒருவர் விமானத்துக்குள் ஒருக்கால் ஏறி இருந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு வரவில்லை. அந்தத் துண்டுதான் காப்பாற்றியதா, அவர்களே உண்மையைக் கண்டுகொண்டார்களா, எனக்குத் தெரியாது. ஆடி மாதம் முகாமிலிருந்து வசந்தி பேசினார். பிள்ளைகள் இரண்டும் இருக்கின்றன என்றார். கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குணம் அண்ணையும் கேட்கவில்லை.

முகாமை விட்டு வெளியே வந்து, இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து வசந்தி இங்கே வந்து சேரச் சில வருடங்கள் எடுத்தன. அவர்களை அகதிகளாகப் பொறுப்பேற்று அழைத்தவர்களில் முதல் பெயர் குணம் அண்ணையுடையது. அதுவரை அவர் விமானத்தைப் பறக்கவிடவில்லை. ராணி அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதல் தரம் அவளோடுதான் என்று நின்றுவிட்டார்.

வசந்தி வந்த கோடையில் ஒரு மத்தியானம் எங்களையெல்லாம் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். இப்போது நகத்துக்கு நிறம் பூசுகிற இவளும் அன்றைக்கு வந்திருந்தாள், சின்னப் பெண். புல்லில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். குணம் அண்ணை விமானத்தை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது இருக்கைக்கு ராணி அக்கா புது உறை தைத்துப் போட்டிருந்தார். "வசந்தி, சத்தத்தைக் கேள்," என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை முடுக்கினார்.

சத்தம் எழும்பியதுதான் தெரியும். வசந்தியின் கையிலிருந்த பாயசக் கோப்பை எங்கோ போனது. அவர் பாய்ந்துபோய் இவளை இழுத்து விழுத்தி, சுவரோரம் தன் உடம்பால் மூடிப் படுத்துக்கொண்டார். "வாயைத் திற பிள்ளை! காதைப் பொத்து! எழும்பாதை!" அவருடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும், பதின்வயதுப் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே மேசைக்கடியில் குப்புறக் கிடந்தார்கள்.

குணம் அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். காற்றாடி சுற்றிச் சுற்றி மெல்ல நின்றது. வசந்தி எழும்பி, இவளின் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். "நோகேல்லைத்தானே குஞ்சு?" என்றார். பிறகு வெட்கத்தோடு தமையனைப் பார்த்தார். "வடிவாய்க் கட்டியிருக்கிறியள் அண்ணா."

அந்த இலையுதிர்காலத்தில் விமானம் விற்கப்பட்டது. குணம் அண்ணை அதில் ஒரு நாளும் பறக்கவில்லை. வாங்கியவரும் போய் வரி கட்டியிருப்பார். நாங்கள் நின்ற கவுண்டர் இப்போது இல்லை. சீலைக்கடையும் எங்கள் அலுவலகமும் இருந்த இடத்தில் உயரமாக ஏதோ எழும்புகிறது. ரூஜ்ஜில் ராணி அக்காவின் கார் கராஜுக்குள் நிற்கிறது, பழைய மணம் ஒன்றும் அங்கே இல்லை.

நகம் காய்ந்ததும் இவளிடம் கேட்டேன், வசந்தி அன்ரி உன்னை விழுத்தினது ஞாபகம் இருக்கிறதா என்று. "ஓம் சித்தி. நான் அதை ஒரு கேம் எண்டு நினைச்சன். ஷீ வாஸ் ஷேக்கிங்," என்றாள்.

ஓகஸ்ட் முடிவில் ஏரிக்கு மேலே விமானங்கள் இப்போதும் குட்டிக்கரணம் அடிக்கின்றன. அந்த நாட்களில் குணம் அண்ணை ரொறன்ரோவில் இருப்பதில்லை. மடக்குக் கதிரையைக் காருக்குள் போட்டு, தங்கையையும் ஏற்றிக்கொண்டு, சத்தம் கேட்காத தூரம் வரும்வரை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.