கேட் பக்கத்துக் கூடை

சித்தூரை அடுத்த மாம்பழக்கூழ் ஆலையில், லேபிள் ஒட்டும் பிரிவில் எனக்கு அது மூன்றாவது சீசன். வேலை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஒரு ஜூஸ் பாக்கெட் இலவசமாகக் கொடுப்பார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள் அதை கேட் பக்கத்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போவோம். யாரும் போட்ட சட்டமில்லை. எவ்வளவு சர்க்கரை கொட்டுகிறோம் என்று கொட்டுகிற கைக்குத் தெரியாதா? கொண்டுபோனால் குழந்தை கை நீட்டும், நம் மனசு கேட்காது.

அந்த சீசன் நடுவில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் போகிற சரக்கு வந்தது. லேபிளில் மொழுமொழுவென்று ஒரு கைக்குழந்தை, கையில் அதே ஜூஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். லேபிள் சுருளைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"இன்னா சார் இது? நம்ம புள்ளைங்களுக்கு நாம குடுக்கறதில்ல. அவங்க புள்ளைங்க மட்டும் குடிக்கணுமா?"

"வாங்கற பார்ட்டி கேட்ட படம்மா. ஒட்ட முடியாதுன்னா நாளைலருந்து வராத."

வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். ஆனால் இந்த வாய் சும்மா இருக்குமா? "வரல சார்" என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பலமனேர் பஸ்ஸுக்காக கேட் ஓரம் நின்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பைக்கில் வந்தார். கூடை அருகே நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து உள்ளே போட்டார். தினமும் செய்கிற பழக்கம். அவர் பேரனுக்கு ஆறு மாதம். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார்.

"பேரனுக்கு வேணாமா சார்?"

அவர் கூடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். "மிஷின நிறுத்திட்டேன்மா. பார்ட்டிக்கி மெயில் எழுதிக்கினு இருக்கேன். வந்து பக்கத்துல நின்னு இன்னா எழுதணும்னு சொல்லு."

பார்ட்டி லேசில் மசியவில்லை. அந்தப் படத்தோடு ஒரு பெட்டியும் அனுப்பமாட்டேன் என்று இவரும் பிடிவாதமாக நின்றார். இரண்டு வாரத்தில் புது லேபிள் வந்தது. குழந்தை இருந்த இடத்தில் மாம்பழம். அதன் கீழே எனக்குத் தெரியாத பாஷையில் ஒரு வரி. மேனேஜர் விரலை வைத்துக் காட்டினார்: "கைக்குழந்தைங்களுக்குக் குடுக்காதீங்கன்னு போட்டுக்கிது. இப்ப சரியா?"

புது லேபிளில் முதலாவதை மிஷினுக்கு விடாமல் நானே ஒட்டினேன். அங்கே யாரோ ஒரு அம்மா அதைப் படித்துவிட்டுப் பாக்கெட்டைத் தள்ளி வைப்பாள். எங்கள் கேட் பக்கத்துக் கூடை அவள் வீடு வரைக்கும் போய்விட்டது என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.