மருமகள் வாசலில் நின்றாள், நான் சமையலறையில் நின்றேன்

அமெரிக்காவில், பிளசன்டனில் என் மகன் கார்த்திக், செர்பியப் பெண் மிலிட்சாவை மணந்தான். தேவாலயத்தில் சம்பந்தியம்மாள் அவர்கள் வழக்கப்படி எங்கள் எல்லோர் உடையிலும் ரோஸ்மேரி இலைக்கொத்தை ஊக்கால் குத்திவிட்டார். வீட்டு வாசலில் மாமியார்தான் ரொட்டியும் உப்பும் கொடுத்து மருமகளைக் கைப்பிடித்து அழைக்க வேண்டும் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

கார் வந்ததும் என் கையிலிருந்த ரொட்டித் தட்டை ஓரகத்தி வாங்கிக்கொண்டாள். "நல்ல காரியம்க்கா. நீங்க கிச்சன்லயே இருங்க, நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்." கணவரை இழந்தவள் நான். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மிலிட்சா ஓரகத்தி நீட்டிய ரொட்டியை வாங்கவில்லை. "உங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கார்த்திக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டது சமையலறை வரை கேட்டது. அப்போதும் நான் வெளியே வரவில்லை.

சம்பந்தியம்மாளும் கணவரை இழந்தவர்தான். அது எனக்கும் தெரியும், ஓரகத்திக்கும் தெரியும். அவர் கையால் ரோஸ்மேரி குத்திக்கொண்டபோது எங்களுக்கு எதுவும் உறுத்தவில்லை.

அயல்நாட்டுச் சம்பந்தம் செய்கிறவர்களே, அவர்கள் சடங்கில் உங்களுக்கென்று ஓர் இடம் கொடுத்தால் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் யார் ஒதுங்கச் சொன்னாலும் நான் நகர்வதில்லை. மிலிட்சா மட்டும் இன்றும் காலிங்பெல்லை அடித்துவிட்டு, நான் கூப்பிடும்வரை வாசலிலேயே நிற்கிறாள்.