பிலோமினா எனக்கு எழுதிய ஒரே சொல்

சாந்தன்பாறை பிலோமினா இறந்துபோன செய்தி வந்தபோது நான் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் முன்னால்தான் எங்கள் ‘எல்லைப்படம்’ வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். மழைக்கு முந்தைய வெளிச்சத்தில் வாளையார்ப் பக்கத்து மலை. நன்றாகவே வந்திருந்தது. போன் விடாமல் சத்தம் போட ஆரம்பித்ததும், இன்றைக்காவது நம் படத்தை நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். என் படத்துக்கு அடியில் பீர்மேடு ஜெபசீலன் எழுதியிருந்தார்: “பிலோமினாக்கா போயிட்டாங்க.” அதற்கு அடியில் அழுகை, கும்பிட்ட கை, மறுபடி அழுகை. என் மலை மேலே மேலே போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டது. இன்றைக்கும் இவர்தானா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகுதான் வரப்பில் உட்கார்ந்தேன்.

நினைவு மலரில் இப்படியா எழுதுவார்கள் என்று கேட்பீர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னவர் ஜெபசீலன்தான். அன்பு, பாசம், கடவுள் அருள் எல்லாவற்றையும் நீங்கள் எனக்கு முன்னால் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவர்மேல் இருந்தது பெரும்பாலும் பொறாமை. குழுவில் அது ஊரறிந்த சங்கதி. இப்போது நல்லவன்போல வேறு எதையாவது எழுதினால் முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான்.

குழுவுக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாலக்காட்டுக் கிழக்கிலும் இடுக்கி மலையிலும் இருக்கிற தமிழ் ஆட்கள். பிழைப்புக்கு வேறு வேலை; ஆசைக்குப் படம் எடுக்கிறோம். எனக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. பிலோமினாவும் அவர் கணவர் சவரிமுத்துவும் சாந்தன்பாறையில் பேக்கரி வைத்திருந்தார்கள். அவர் எடுத்த படங்கள், இறந்தவரைப் பற்றி என்றாலும் சொல்ல வேண்டும், சுமார்தான். பன் தட்டு, அடுப்பு, கண்ணாடி அலமாரி, எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் மற்றவர்கள் படத்துக்கு அவர் சொல்லும் கருத்துக்காகக் குழுவே காத்துக் கிடந்தது. அந்தக் குழுவை ஆரம்பித்தவன் நான். கண்காட்சியில் பரிசு வாங்கியவனும் நான். என் கருத்துக்கு ஒருவரும் காத்திருந்ததாக நினைவில்லை.

அவருக்கு ஒரு முறை இருந்தது. படம் வந்த அன்றைக்கு வாயே திறக்க மாட்டார். மறுநாள், பேக்கரியில் கூட்டம் குறைந்த பிறகு, குரல்பதிவு வரும். ஏன் இந்தத் தாமதம் என்று ஜெபசீலன் ஒருமுறை கேட்டதற்கு, “இன்னைக்கு அந்தப் படம் என்னப் பாக்கும் தம்பி. நாளைக்குத்தான் நான் அதப் பாக்க முடியும்” என்றார். இந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஜெபசீலன் எஸ்டேட் லயங்களை எடுத்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். வரிசையாக வீடுகள், மேலே மூடுபனி, கொடியில் துணிகள். நான் உடனே ‘அருமை, பனி அபாரம்’ என்று எழுதினேன். எல்லோரும் பனியைத்தான் புகழ்ந்தோம். மறுநாள் பிலோமினாவின் குரல் வந்தது. “தம்பி, எங்க நின்னு எடுத்தீங்க? ரோட்டுலதான? ரோட்டுல நிக்கிறவுகளுக்குத்தான் மஞ்சு அழகாத் தெரியும். அந்த வீட்டுக்காரி வாசல்ல வந்து நின்னான்னா, துணி இன்னும் காயலையேங்கிறதுதான் தெரியும். ஒருக்கா அவ வாசல்ல நின்னு எடுத்துப் பாருங்களேன்.” அடுத்த வாரம் ஜெபசீலன் ஒரு வீட்டு வாசலில் நின்று எடுத்த படத்தைப் போட்டார். அதில் பனி ஒரு மூலையில் கிடந்தது. நனைந்த பள்ளிச் சீருடைதான் படம் முழுக்க.

சரி, இதென்ன பெரிய வித்தை என்று நானும் முயன்றேன். ஆனைகட்டி நண்பர் ஒருவர் தன் பேத்தியின் படத்தைப் போட்டார். நானும் ஒருநாள் பொறுத்திருந்து, எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டேன். குழந்தையின் தலையில் கரண்டுக் கம்பம் முளைத்திருக்கிறது என்றும் எழுதினேன். கம்பம் முளைத்துத்தான் இருந்தது. அவர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டுப் போய்விட்டார். பிலோமினாதான் போன் பண்ணிச் சமாதானம் பேசி அழைத்து வந்தார். அவர் சொன்னால் அது கருத்து, நான் சொன்னால் அது குத்தம் என்று ஆகிவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது என் அக்காள் மகன் கனகராஜுக்குக் கிடைத்த குரல்பதிவு. போன வருஷம்தான் கேமரா வாங்கிய பையன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மடியில் பலாப்பழத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிற படத்தைப் போட்டான். மறுநாள் பிலோமினா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். “அந்தம்மாவோட பையி பெஞ்சுல இருக்கு, பழம் மடியில இருக்கு. பைய மடியில வச்சுக்கிட்டுப் பழத்த பெஞ்சுல வச்சிருக்கலாம்ல? வைக்கல பாருங்க. அதான் இந்தப் படத்தோட சாரம்.” கனகராஜ் அதை டீக்கடையில் போட்டுக் காட்டினான், கல்யாண வீட்டில் போட்டுக் காட்டினான்.

அந்தக் குரல்பதிவு வந்த அன்றைக்குச் சாயங்காலமே நானும் ஒரு படம் போட்டேன். எங்கள் தோப்பில் தேங்காய் பறிக்கும் வேலுச்சாமி மரத்திலிருந்து இறங்குகிற படம். பின்னால் சிவந்த வானம். கீழ்ப்பகுதி கொஞ்சம் மங்கலாக இருந்தது. ‘கை ஆடிவிட்டது, மன்னிக்கவும்’ என்று சேர்த்து எழுதினேன். உடனே, அந்த நிமிஷமே, பிலோமினாவிடமிருந்து பதில் வந்தது. ஒரே சொல், தமிழ் எழுத்தில்: ‘சாரமில்லை.’

கனகராஜ் படத்தில் சாரம் இருக்கிறது. என் படத்தில் சாரமில்லை. வேறு எப்படி நான் அதைப் படிப்பது? கையோடு அதற்குக் கீழே ‘பார்வைக்கு மட்டும். கருத்து வேண்டாம்’ என்று எழுதினேன். அன்றிலிருந்து நான் போட்ட எல்லாப் படத்துக்கும் அந்த வரி உண்டு. நீங்கள் அதை மதித்ததே இல்லை. சூப்பர் என்றும் செமை என்றும் போட்டுத் தள்ளினீர்கள். பிலோமினா ஒருவர்தான் மதித்தார். ஒரு கும்பிட்ட கையை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார். உண்மையைச் சொன்னால், அந்த வரியை நான் எழுதியதே ‘ஏன் வேண்டாங்கிறீக?’ என்று அவர் கேட்பார் என்றுதான்.

குழுவோடு மலைக்குப் போனபோது ஒருமுறை அவர் பேக்கரியில் தனியாக மாட்டினார். வாளையார் ரயில் பாலத்தின் படத்தைத் திறந்து, போனை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் வைத்தேன். பழம்பொரி கொடுத்தார். தேங்காய் விலை விசாரித்தார். என் மனைவியின் முட்டிவலிக்கு வைத்தியம் சொன்னார். பிறகு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தார். போனைத் தூக்கி அடியிலும் துடைத்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். “எண்ணெ பட்டுரும்ணே, உள்ள வைங்க” என்றார். நான் உள்ளே வைத்துக்கொண்டேன்.

அடக்கத்துக்குக் கனகராஜ் காரில்தான் போனேன். உடுமலை தாண்டி மலையேறத் தொடங்கியதும் அந்தக் குரலைப் போட்டுவிட்டான். “ஏனுங் மாமா, இந்த எடத்தக் கேளுங்க. எப்படிச் சொல்றாங்க பாருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். “கேட்டாச்சு கண்ணு, நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றேன். மூணாறு வரைக்கும் அந்தப் பலாப்பழம்தான். செத்துப்போன பெண்ணின் குரல் இவன் சட்டைப்பையில் இருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பி அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரோ கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கை தட்டி அது அப்படியே வெள்ளை மேஜைவிரிப்பில் கொட்டிவிட்டது. நான் பதறி எழுந்தேன். பக்கத்தில் இருந்த சவரிமுத்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “சாரமில்லண்ணே. சாரமில்ல, உக்காருங்க” என்றார்.

அந்த மலையாளச் சொல் எனக்குத் தெரியாததல்ல. வில்லேஜ் ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுவதுதான். ஒன்றுமில்லை, பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம். மலையில் தமிழ் ஆட்கள் வாயிலும் அது தாராளமாக வரும். பன் கருகினாலும் சாரமில்லை, பால் திரிந்தாலும் சாரமில்லை. கை ஆடிவிட்டது, மன்னிக்கவும் என்று நான் எழுதினேன். பரவாயில்லை என்று அவர் சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்கே கருத்துச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை என்பது குழுவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் வரவேண்டியது மறுநாள் வந்திருக்கும். அதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன்.

சவரிமுத்து விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டார். “தேங்கா பறிக்கிற ஆளு மரத்துலருந்து எறங்குற படம், அது நீங்க எடுத்ததுதானண்ணே?”

ஆமாம் என்றேன்.

“மறுநா மத்தியானம் பூரா அதப் பத்தித்தான் பேசுனா. பெரிய பெரிய விசயமாச் சொன்னா. அவருகிட்டச் சொல்லேன்டின்னேன். கருத்து வேண்டாம்னு எழுதியிருக்காரே, நாம எப்படிச் சொல்றதுன்னுட்டா.”

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மெனக்கெட்டு யோசித்தார். “மறந்துபோச்சுண்ணே. நான் அப்ப மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். காலப் பாருங்க, காலப் பாருங்கன்னா. அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு.”

கனகராஜ்மேல் இருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வரவேண்டிய கருத்து முழுதும் இந்த மனிதர் காதில் விழுந்திருக்கிறது. மாவோடு மாவாக அதைப் பிசைந்து அடுப்பில் வைத்துவிட்டார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து, கொஞ்சம் நன்றாக யோசித்துப் பாருங்கள் என்று நான் இரண்டாம் தடவையும் கேட்டேன். அவரும் கோபப்படாமல் யோசித்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்கே பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று போட்ட பிறகு அதை நான் திறந்ததே இல்லை. வானம் தெளிவாக இருந்தது. மரம் தெளிவு, அதைக் கட்டிப் பிடித்திருந்த கைகள் தெளிவு, வேலுச்சாமியின் முகத்தில் வேர்வை வரைக்கும் தெளிவு. மங்கியிருந்தது ஒரு கால் மட்டும். மரத்தை விட்ட கால், தரை எங்கே என்று காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. கீழே பார்க்காமலே துழாவிக்கொண்டிருந்தது. என் கை ஆடவே இல்லை. ஆடியது அந்தக் கால்தான். நான் வானத்தை எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் படத்தில் இருந்தது என்ன என்று சாந்தன்பாறையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலுச்சாமி மரம் ஏறி இறங்குவதை இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, அந்தக் காலை நான் பார்க்கவில்லையே.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை ஒரு சொல்லும் ஒரு காலும். அவற்றை நான் பத்திரமாக வைத்திருப்பேன். உங்கள் குரல்பதிவுகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்.

சவரிமுத்து, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அன்றைக்கு அவர் சொன்னதில் இன்னும் ஒரு வார்த்தை எப்போதாவது ஞாபகம் வந்தால், மாவுக் கையோடேயாவது எனக்கு ஒரு போன் போடுங்கள். கருத்து வேண்டாம் என்று எழுதியவன்தான் கேட்கிறேன்.