தம்புள்ளையில் ஒரு பகல் சாப்பாடும் ப்ளூஸும்

காலை 7.40. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸில் எனக்குக் கிடைத்த ஒரே ஆசனத்தைக் கிட்டாருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே போனேன். பைத்தியம்தான்! கிட்டாரின் சொந்தக்காரர் சவரிமுத்து, மாத்தளைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர் ப்ளூஸ் வாசிப்பதைக் கேட்கத்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தேன். அமெரிக்கக் கறுப்பு மக்களின் அந்தத் துயர இசை தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

"அப்பா தொரை பங்களாவுல சமையல், சேர். அங்க ரேடியோவுல இந்தப் பாட்டெல்லாம் ஓடும். குசினி ஜன்னல்ல ஒட்டிக்கிட்டே கேப்பேன். அடிதான் கெடைக்கும்," என்று சிரித்தார்.

இன்று தம்புள்ளை ஹொட்டேல் ஒன்றில் அவருக்குச் சோதனை. மேசைக்கு மேசை போய், விருந்தினர் கேட்பதை வாசிக்க வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை. யுத்தம் வந்தபின் கலியாண வீட்டுக் கச்சேரிகள் அருகிவிட்டன. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

8.40, நாவுல. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கினோம். சிப்பாய் கிட்டார் பெட்டியைத் திறக்கச் சொன்னான். பிறகு, வாசித்துக் காட்டு என்றான், சிங்களத்தில். சவரிமுத்து அலட்டிக்கொள்ளாமல் ஒரு துள்ளல் பைலாப் பாட்டை எடுத்துவிட்டார். சிப்பாயின் சப்பாத்து தானாகத் தாளம் போட்டது.

பகல் 12.30, ஹொட்டேல். சாப்பாடு முந்நூற்றைம்பது ரூபாய், எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஜெர்மன் தம்பதிக்கு அவர்கள் ஊர் நடன மெட்டு, கண்டிக் குடும்பத்துக்குச் சிங்களப் படப்பாட்டு, அடுத்த மேசைக்குப் பிறந்தநாள் வாழ்த்து. ஒரே கிட்டாருக்குள் இத்தனை பேரா குடியிருக்கிறார்கள்? முகாமையாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார்.

வேண்டிய பாட்டைக் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம். நான் "ப்ளூஸ்" என்று எழுதினேன். என் ஆசை எனக்கு!

துண்டைப் படித்த சவரிமுத்து ஒரு கணம் முகாமையாளரைப் பார்த்தார். பிறகு சின்னத் தைலப் போத்தலைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பியில் இழுத்தார். பாதி அமெரிக்கா, பாதி எங்கள் செத்தவீட்டு ஒப்பாரி. எது எங்கே முடிகிறது என்று காதைத் தீட்டியும் பிடிபடவில்லை. கரண்டிச் சத்தம் நின்றது. ஜெர்மன் அம்மா கண்ணைத் துடைத்தார். ஒருவரும் சாப்பிடவில்லை. முகாமையாளர் அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

3.15, பஸ் தரிப்பிடம்.

"வேலை என்னாச்சு சவரி?"

"கெடச்சிருச்சு சேர். ஒண்ணாந் தேதியிலருந்து வரச் சொல்லிட்டாரு."

"அப்பாடா!"

"அந்தக் கடைசி வாசிப்பு மட்டும் இனிமே கூடாதாம். சாப்பிட வந்தவங்கள அழ வைக்காதேங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மாத்தளை வரும்வரை அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பற்றி மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.