பருந்து மார்க் குதிகால் பிடி

போன வாரம் தில்லைநகரில் ஒரு பெரிய கடையில் மகளுக்கு ஸ்கூல் பை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பையின் மூலையில் சிறகு விரித்த சிவப்புப் பருந்து ஒன்று. எனக்குப் பழக்கமான பருந்து. "ஜிப்பை இழுத்துப் பாரு" என்றேன். பாதி வழியில் சிக்கிக்கொண்டது. "ஃபாரின் பிராண்டுங்க மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்றாள் கடைக்காரப் பெண். நான் பையின் பிளாஸ்டிக் கொக்கியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். மகளுக்கு மானம் போய்விட்டது. "அம்மா, பையை யாராவது மோந்து பாப்பாங்களா?"

நான் பார்ப்பேன். பிளாஸ்டிக்கை மூக்கால் பார்க்கும் இந்தப் பழக்கம் திருச்சி பக்கத்துத் துவாக்குடியில் வேலைக்குச் சேர்ந்தபோது தொற்றிக்கொண்டது. டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டும். முதலாளி செல்வராஜ் சாரின் தொழிற்சாலை ஒன்றும் பெரியதில்லை. தகரக் கூரை, வரிசையாக மோல்டிங் மெஷின்கள், வாசலில் ஒரு வேப்பமரம். அங்கே என்ன செய்தோம் தெரியுமா? பனிச்சறுக்குப் பலகைக்கான உதிரிப் பாகம். திருச்சியில்! நீங்கள் சிரிப்பீர்கள். என் அம்மாவும் சிரித்தாள்.

"ஏன்டீ, பனில வழுக்கி விழறதுக்கு ஒரு சாமானா? அதை நம்மாத்துப் பொண்ணு போய் சோதிக்கணுமா?"

பனிச்சறுக்குக்காரர்களின் கனத்த பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கருவியில், குதிகால் பக்கத்துக் கூடு எங்களுடையது. குதிகால் பிடி என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆஸ்திரியாவில் ஒரு மலையடிவாரத்துக் கம்பெனிக்குப் போகும். பெயர் எங்கள் வாயில் நுழையாததால், அதன் சின்னத்தை வைத்து பருந்து கம்பெனி. நான் சேர்ந்த அன்று செல்வராஜ் சார் ஒரு பிடியை என் கையில் கொடுத்தார்.

"இது காலைப் பிடிச்சுக்கணும்மா. ஆளு விழுந்தா டக்குனு விட்டுடணும், இல்லேன்னா முட்டி திருகிக்கும். ஆனா உடைஞ்சு விடக் கூடாது. அந்த வேகத்துல வர்றப்போ உடைஞ்சுதுன்னா, நேரா மரத்துல போய் மோதுவான்."

பனியையே பார்த்திராத எனக்கு அன்றைக்கே தொற்றிக்கொண்டது கவலை. யாரோ ஒருவன், முகம் தெரியாதவன், மரத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தான்.

சோதனைக்கு ஒரு குளிர் அறை இருந்தது. ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்று கழித்துக்கட்டியதை செல்வராஜ் சார் வாங்கிப் பழுது பார்த்து வைத்திருந்தார். உள்ளே மைனஸ் இருபது டிகிரி. எத்தனை கழுவியும் சுவரிலிருந்து வெனிலா வாசனை போகவில்லை. கத்திரி வெயிலில் அந்த அறைக்குள் போக ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள். போன வேகத்தில் பல் கிட்டித்து வெளியே வருவார்கள். நிலையாக உள்ளே நின்றது நானும் ஜெயசீலி அக்காவும்தான். அக்கா பாலக்கரைக்காரர். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. குளிர வைத்த பிடியின் மேல், ஒரு குழாய் வழியாக இரும்புக் கட்டியை விழவிடுவோம். நல்ல பிடி 'தொப்' என்று சத்தம் போட்டு அப்படியே இருக்கும். வெளியே வந்தால் என் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி ஆவி படிந்து, வேப்பமரம் எது, ஆள் எது என்று தெரியாது.

வருஷம் ஒரு தடவை பருந்து கம்பெனியின் தரப் பிரிவுத் தலைவி ஹில்டா வருவார். ஐம்பது வயதிருக்கும், நெட்டையான உருவம். அவர்கள் ஊரில் பனிக்காலம் முடிந்து வேலை ஓய்வதே மே மாதத்தில்தானாம்; ஆகவே சரியாக அக்கினி நட்சத்திரத்தில் வந்து இறங்குவார். தக்காளி போல் சிவந்துபோய் நேரே குளிர் அறைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு தடவை சொந்தப் பலகைகளையே கொண்டுவந்து, தொழிற்சாலை முற்றத்து ஜல்லியில் ஏறி நின்று காட்டினார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து பார்த்தோம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா தயிர்சாதம் போட்டுவிட்டு, என்னை விட்டுக் கேட்டாள்: "அவ்வளவு பனி கொட்டறச்சே ஆத்துக்குள்ளேயே இருக்கப்படாதோ?" நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹில்டா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்புறம் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்" என்றார்.

அந்த வருஷம்தான் மெயில் வந்தது. ஒரு பெரிய குழுமம் பருந்து கம்பெனியை வாங்கிவிட்டது. கூடவே அதன் இரண்டு போட்டிக் கம்பெனிகளையும். ஒன்றுக்கு மலையாடு சின்னம், இன்னொன்றுக்கு நட்சத்திரம். மூன்றும் இனி ஒரே குடும்பம், தரத்தில் எந்த மாற்றமும் இருக்காது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். செல்வராஜ் சார் டீ நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் மாறாதுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க இவ்வளவு நீளமா மெயில்?"

மாறியது. முதலில் மெயில்களின் கீழே இருந்த பெயர்கள் மாறின. பிறகு ஹில்டாவின் பதில்கள் தாமதமாக வந்தன. பிறகு, உருக்கி அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் குருணை. அதுவரை பருந்து கம்பெனியே நீல மூட்டைகளில் அனுப்பிக்கொண்டிருந்தது. உருகும்போது லேசாக மெழுகு வாசனை வரும். இனி மூன்று பிராண்டுக்கும் ஒரே சரக்கு என்று எங்கிருந்தோ வெள்ளை மூட்டைகள் வந்தன. உருக்கினால் பழைய ரப்பர் செருப்பை எரிப்பது போல் ஒரு வீச்சம். அச்சும் ஒன்றே. விலை குறைந்த மலையாட்டுக்கும் விலை உயர்ந்த பருந்துக்கும் அதே பிடி. அச்சில் சின்னம் பதிக்கிற துண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

"மூணு பேருக்கும் ஒரே புடவை, பார்டர் மட்டும் வேறயா?" என்றார் ஜெயசீலி அக்கா.

கெட்ட நேரம், அப்போது பார்த்து குளிர் அறையின் கம்ப்ரசர் மக்கர் செய்தது. காத்திருங்கள், சரி செய்து சோதித்துவிட்டு அனுப்புகிறோம் என்று செல்வராஜ் சார் குழுமத்துக்கு எழுதினார். பனிக்காலம் காத்திருக்காது என்று பதில் வந்தது. குழுமமே சென்னையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பியது. அவர் எங்கள் வெயிலிலேயே பிடிகளைத் தட்டிப் பார்த்தார், சரி என்றார், பெட்டிகள் தூத்துக்குடிக்கு லாரி ஏறின. செல்வராஜ் சார் வேப்பமரத்தடியில் நின்று லாரி தெருமுனையில் திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்ரசர் சரியானதும், அந்தச் சரக்கிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரிகளைக் குளிர் அறையில் வைத்தோம். மறுநாள் முதல் பிடியை எடுத்து வைத்து இரும்பை விழவிட்டேன். 'பட்'. பிடி பிஸ்கட் மாதிரி இரண்டாகக் கிடந்தது. எங்கோ தப்பாக வைத்துவிட்டேன் போல என்று இன்னொன்றை வைத்தேன். அதுவும் 'பட்'. அடுத்ததை ஜெயசீலி அக்கா தன் கையால் வைத்தார். அந்தச் சத்தம் வந்ததும் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏசுவே, பெட்டியெல்லாம் கப்பல்ல போயிருச்சே பாப்பா" என்றார்.

அன்றைக்கே குழுமத்துக்கு எழுதினோம், உடைந்த துண்டுகளின் படங்களோடு. பதில் மிக மரியாதையாக வந்தது. மூன்று பிராண்டுகளின் சோதனை முறைகளையும் ஒன்றாக்கிவிட்டோம், இனிமேல் சோதனை வெப்பநிலை மைனஸ் ஐந்து, அதில் சோதித்துப் பாருங்கள். சோதித்தோம். எல்லாப் பிடியும் தேறிவிட்டது. பிடி மாறவில்லை, குளிரை மாற்றிவிட்டார்கள்.

"மைனஸ் அஞ்சுல பாஸ்னா பாஸ்தானேம்மா?" செல்வராஜ் சார் என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

"அங்க காலையில மைனஸ் இருபது இருக்குமாம் சார். ஹில்டா மேடம் சொல்லியிருக்காங்க."

"இந்த ஆர்டர் போச்சுன்னா பாதி மெஷின் நின்னுடும். உங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். தெரியுமில்ல?"

தெரியும். ஜெயசீலி அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடிக்கொண்டிருந்தது. செல்வராஜ் சார் மேஜை மேலிருந்த உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, ஹில்டாவை அழைத்தார்.

ஹில்டா முழுவதும் கேட்டுக்கொண்டார். மைனஸ் ஐந்து என்றதும், "அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்றார். பிறகு, "வருஷக் கடைசியோடு என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் தரப் பிரிவு என்னுடையதுதான். எந்தெந்தப் பெட்டி என்று சொல்லுங்கள்."

பெட்டிகளின் விவரத்தைப் படித்தோம். அதற்கப்புறம் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கப்பல் போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

அந்த நாட்களில் நான் பாதி ஆளாகிவிட்டேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினால் தண்ணீரைப் பார்க்க முடியாது, கப்பல் ஞாபகம் வரும். வேலை விட்டு வரும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆஸ்திரியாவில் பனி விழுந்துவிட்டதா என்று பார்ப்பேன். என்னைக் கல்யாணமாகி வெளிநாடு போகப்போகிற பெண் என்று நினைத்திருப்பார் கடைக்காரர். வழக்கத்துக்கு முன்னாலேயே பனி கொட்டுகிறது என்று அங்கே எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். படங்களில் குழந்தைகள் பலகை மாட்டிக்கொண்டு நின்றார்கள். குழந்தைகளும் மாட்டுவார்கள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா வற்புறுத்திக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். மறுநாள் விடியற்காலை பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து சொன்னாள்: "அவரே சமுத்திரத்துல சயனிச்சிண்டிருக்கறவர். கப்பலை அவர் பாத்துப்பார். நீ ரெண்டு வாய் சாப்பிடு."

போன் வந்தபோது நானும் ஜெயசீலி அக்காவும் குளிர் அறைக்குள் இருந்தோம். செல்வராஜ் சார் கதவைத் தட்டி எங்களை வெளியே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஹில்டாவின் குரல். பெட்டிகள் கிடங்குக்கு வந்ததுமே, மறுபரிசோதனை என்று தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி அவற்றைத் தனியே நிறுத்திவிட்டிருந்தார். மேலேயிருந்து அனுப்பச் சொல்லி நெருக்கியிருக்கிறார்கள். நம் பிடிகளில் சிலவற்றைத் தன்னுடைய பலகைகளில் பொருத்திக்கொண்டு, காலைக் குளிரில் முதல் ஆளாக, கம்பியில் தொங்கி மேலேறும் கம்பிவண்டியில் தனியே மலையுச்சிக்குப் போயிருக்கிறார்.

"சறுக்கக்கூட இல்லை. பூட்ஸை உள்ளே விட்டு ஓங்கி மிதித்தேன், அவ்வளவுதான்."

உடைந்த துண்டுகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே கூட்டம் நடக்கும் அறைக்குப் போய் மேஜையில் கொட்டினாராம். அன்று மாலையே மொத்தச் சரக்கையும் அழித்துவிட உத்தரவானது. ஒரு பிடிகூடக் கடைக்குப் போகவில்லை. "ஒருத்தர் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மாவிடம் சொல்" என்றார். ஜெயசீலி அக்கா ஓவென்று அழ ஆரம்பித்தார். எனக்குக் கண்ணாடி முழுக்கப் புகை.

வருஷக் கடைசி வரைக்கும் ஹில்டாவை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கும் ஒரு மெயில் வந்தது, ரொம்ப மரியாதையாக. ஆர்டர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. செல்வராஜ் சார் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார். "தப்பு ஒண்ணும் பண்ணலங்க நாம" என்று தொடங்கினார், பஜ்ஜித் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். பாதி மெஷின்கள் நின்றன. நான் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்டோர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெயசீலி அக்கா கொஞ்ச காலம் பழைய தொழிற்சாலையிலேயே மிக்ஸி ஜாருக்குக் கைப்பிடி செய்துகொண்டிருந்தார். அதுவும் கட்டுப்படியாகாமல் தொழிற்சாலையை மூடினார்கள்.

இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் ஒன்று நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது வேப்பமரம் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன், முடிந்ததில்லை. செல்வராஜ் சார் இல்லை. அம்மா இல்லை. பருந்து கம்பெனியையும் அந்தக் குழுமம் இன்னொருவருக்கு விற்று, அவர் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் பிரித்து வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம். அங்கே பலகை செய்த கட்டடம் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது.

இதையெல்லாம் எனக்கு எழுதித் தெரிவிப்பது ஹில்டாதான். புது வருஷத்துக்கு ஒரு மெயில் தவறாமல் வரும். இந்த வருஷம் வந்ததில் ஒரே ஒரு படமும் இரண்டு வரியும். அவர் மிதித்துப் பார்த்த அதே மலைச்சரிவு. சில வருஷங்களாகவே பனி பிடிக்கவில்லை, கம்பிவண்டியை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். ஜனவரி மாதத்துப் படம். சரிவு முழுக்கப் பழுப்புப் புல். அதன் நடுவே உச்சி வரைக்கும் வரிசையாகக் கம்பங்கள், கம்பியில்லாமல்.